தே, தேயிலை, தேநீர்: ஒரு சொல்லின் கடல்வழி

லாயாங் லாயாங் முதலிய ஜொகூர்ச் சிற்றூர்களின் கோப்பிக் கடைகளில் 'தே ஓ' என்று கேட்டால் பாலில்லாத தேநீர் வரும். வகுப்பறையிலோ அதனைக் கொச்சையென விலக்கி, 'தேநீர்' என்பதே தூய தமிழ் எனக் கற்பிக்க முற்படுகிறோம். இப்பாகுபாடு வரலாற்றின் முன் நிற்குமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் பொருளை நோக்குவோம். 'கமேலியா சினென்சிஸ்' என்னும் ஒரே செடியினமே எல்லாத் தேயிலைக்கும் மூலம். சுவை வேறுபாடு பெரிதும் பதப்படுத்தும் முறையால் விளைவது. பறித்த இலையை விரைவில் சூடேற்றி, அது காற்றோடு வினைபுரிவதைத் தடுத்தால் பச்சைத் தேயிலையாகும். சீனர் அதனைப் பெரும்பாலும் வாணலியில் வறுப்பர். லோங்ஜிங்கில் வறுத்த கொட்டையின் மணம் கமழும். ஜப்பானியர் ஆவியில் அவிப்பர். செஞ்சாவில் இளம்புல்லின் மணம் தோன்றும். ஓரளவு வினைபுரியவிட்டது ஊலோங். அதில் பூமணமும் மென்துவர்ப்பும் கலந்திருக்கும். முழுதும் வினைபுரிந்ததை நாம் கறுப்புத் தேயிலை என்கிறோம்; சீனர் வடிநீரின் நிறம் நோக்கிச் 'சிவப்புத் தேயிலை' என்பர். யுன்னான் மாநிலத்துப் பூஅர், நுண்ணுயிர்களால் முதிர்ந்து மண்வாசம் பெறுவது.

இனிப் பெயர். இடைக்காலச் சீனத்தில் இச்சொல்லின் முதலொலி ஒரு வெடிப்பொலி. மாண்டரின், கண்டனீசு முதலிய கிளைகளில் அது மாறிச் 'சா' ஆயிற்று. பூஜியன் கடற்கரையின் மின் கிளைமொழிகளோ வெடிப்பொலியைக் காத்துத் 'தே' என்றன. 'வைத்து' என்பது பேச்சில் 'வச்சு' ஆவதை அறிந்த மாணவர்க்குத் தகரம் சகரமாகும் போக்குப் புதிதன்று, ஒலிச்சூழல்தான் வேறு. தரைவழிச் சென்ற 'சா', பாரசீகத்தில் 'சாய்' ஆயிற்று. கடல்வழி வந்த 'தே'யை 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர் ஐரோப்பாவில் பரப்பினர். மலாய், சிங்களம், தமிழ் ஆகியவற்றின் 'தே' இக்கடல்வழிக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஜொகூருக்கு இதில் தனித் தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இம்மாநில ஆற்றங்கரைகளில் கங்சூ முறையின்கீழ் மிளகும் காம்பிரும் பயிரிட்ட சீனருள் பெரும்பான்மையர் தியோச்சூ மக்கள். அவர்தம் பேச்சும் மின் கிளையைச் சேர்ந்தது. சிறு கிண்ணங்களில் செறிவான ஊலோங் பருகுவது அவர் மரபு. 'தே ஓ'வின் 'ஓ' ஹொக்கியன் பேச்சில் கறுப்பைக் குறிக்கும். 'ஊலோங்' என்பதற்குக் கரிய டிராகன் என்பது பொருள். அதன் முதலசையும் இந்த 'ஓ'வும் ஒரே சொல்லே.

தமிழ் இக்கடன்சொல்லைத் தன் இலக்கணத்திற்கு இசைவித்தது. தே என்பதோடு இலை சேர, யகர உடம்படுமெய் தோன்றித் தேயிலை ஆயிற்று. நீர் சேரத் தேநீர் ஆயிற்று. இலங்கைத் தமிழரின் தேத்தண்ணியில் தகரம் மிக்கது. இவ்விசைவே அயன்மையை மறைத்தது. தேன், தேய் என்பவற்றோடு உறவு காணவும் தூண்டுகிறது. ஆயினும் தேநீரின் முதற்பாதி மின் மொழிக்கொடையே.

ஆகவே 'தேநீர்', 'தே ஓ' ஆகியவற்றின் வேறுபாடு வழங்குமிடம் பற்றியது; பிறப்புப் பற்றியதன்று. கட்டுரையில் தேநீர் என எழுதக் கற்பிப்போம். அத்துடன், கடையில் மாணவன் சொல்லும் சொல்லின் பயணத்தையும் கற்பிப்போம். தன் நாவின் சொல்லுக்கு வரலாறு உண்டென அறிந்தவன், மொழியைக் கூச்சமின்றிக் கற்பான்.