விண்வெளியில் 'ஹேங்' ஆன குட்டி சாட்டிலைட்... 8 நாள் கழித்து உயிர் வந்தது எப்படி?

செல்போன் ஹேங் ஆனா என்ன செய்வோம்? பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ரீஸ்டார்ட் செய்வோம். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் ஹேங் ஆனால்? பட்டனை அழுத்த அங்கே ஆள் கிடையாது. 2015-ல் 'லைட்செயில் 1' செயற்கைக்கோளுக்கு இதுதான் நடந்தது.

லைட்செயில் 1 என்றால் என்ன?

அமெரிக்காவின் 'பிளானட்டரி சொசைட்டி' அமைப்பு, மக்களின் நன்கொடையில் உருவாக்கிய 'கியூப்சாட்' வகை செயற்கைக்கோள். நீளம் 30 செ.மீ., அகலமும் உயரமும் தலா 10 செ.மீ. அவ்வளவுதான். ஆனால் உள்ளே 32 சதுர மீட்டர் பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. காற்று பாய்மரக் கப்பலைத் தள்ளுவதுபோல, சூரிய ஒளி இந்தப் பாயைத் தள்ளும் என்பது திட்டம். முதல் பயணத்தில் பாய் சரியாக விரிகிறதா என்று பார்ப்பதே நோக்கம்.

என்ன கோளாறு?

மே 20-ம் தேதி அட்லஸ் 5 ராக்கெட்டில் கிளம்பியது. 15 விநாடிக்கு ஒருமுறை தன் நிலையைச் சொல்லும் சிக்னலை பூமிக்கு அனுப்பியது. அதே தகவலை ஒரு ஃபைலிலும் எழுதிக்கொண்டே போனது. அந்த ஃபைல் 32 எம்பியைத் தொட்டால் கம்ப்யூட்டர் முடங்கிவிடும். இரண்டே நாளில் அதுதான் நடந்தது.

இதில் கொடுமை என்னன்னா, புதிய சாஃப்ட்வேர் பதிப்பில் இந்தப் பிழை ஏற்கனவே சரிசெய்யப்பட்டிருந்தது. மேலே போனதோ பழைய பதிப்பு!

ஏன் உடனே சரிசெய்ய முடியவில்லை?

இந்த வகை செயற்கைக்கோள் ஒரு தரைநிலையத்தின் பார்வையில் இருப்பதே சில நிமிடங்கள்தான். அந்த இடைவெளியில் 'ரீபூட்' கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். ஆனால் கட்டளையைக் கேட்கும் நிலையில் கம்ப்யூட்டர் இல்லை.

மிச்சமிருந்த நம்பிக்கை, விண்வெளிக் கதிர்வீச்சு! மின்னூட்டத் துகள் ஒன்று சிப்பில் மோதினால் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகலாம். வழக்கமாக எதிரியாகப் பார்க்கப்படும் கதிர்வீச்சுக்காக குழு காத்திருந்தது. 8 நாள் மௌனத்துக்குப் பிறகு மே 30-ல் சிக்னல் வந்தது. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது குழுவின் கணிப்பு.

அடுத்து பேட்டரியில் பிரச்சினை, மீண்டும் மௌனம். அதிலிருந்தும் மீண்டு ஜூன் 7-ல் பாயை விரித்தது. ஜூன் 14-ல் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

இப்படி நடக்காமல் தடுக்க என்ன வழி?

'வாட்ச்டாக் டைமர்' என்ற பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. "நான் இயங்குகிறேன்" என்று கம்ப்யூட்டர் அதற்கு அடிக்கடி தகவல் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், யாரையும் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்துவிடும். இன்னொன்று 'சேஃப் மோட்'. சிக்கல் என்றால் அத்தியாவசியமில்லாத கருவிகளை நிறுத்தி, மின்சாரத்தைச் சேமித்து, தரையிலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திருக்கும்.

எல்லாக் கோளாறையும் சரிசெய்ய முடியுமா?

முடியாது. 2022 ஆகஸ்ட் 7-ல் இஸ்ரோவின் முதல் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட், 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதிலாக 356-க்கு 76 கி.மீ. என்ற நீள்வட்டப் பாதையில் செயற்கைக்கோள்களை விட்டது. 76 கி.மீ. உயரத்தில் காற்றின் உராய்வே இழுத்துவிடும். 750 மாணவிகளின் பங்களிப்பில் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா உருவாக்கிய 'ஆசாதிசாட்' இப்படித்தான் வீணானது. 2023 பிப்ரவரி 10-ல் 'ஆசாதிசாட் 2' சரியான பாதையை அடைந்தது.

லைட்செயிலுக்கும் அடுத்த வாய்ப்பு கிடைத்தது. 2019 ஜூலையில் பாயை விரித்த லைட்செயில் 2, சூரிய ஒளியின் உந்துதலால் தன் சுற்றுப்பாதையை மாற்றிக் காட்டியது. 2022 நவம்பர் வரை விண்ணில் இருந்தது.