நாலுகால் பாய்ச்சல் நாய்க்கு மெல்லோட்டத்தில் மார்க்

நாய்க் கண்காட்சியை டிவியிலோ யூடியூபிலோ பார்த்திருப்பீர்கள். மெல்லிய கழுத்து வாருடன் ஒரு விப்பெட் நாய், பக்கத்தில் கோட் போட்ட ஒருவர். இருவரும் பச்சைக் கம்பளத்தில் ஒரு சுற்று ஓடி வருவார்கள். நடுவர் பல்லைப் பார்ப்பார், தோளைத் தடவுவார், இன்னொரு முறை ஓடிக் காட்டச் சொல்வார். பிறகு கோப்பையைக் கொடுத்துவிடுவார். கவனித்தீர்களா? அந்த நாய் ஒரு தடவைகூட முழு வேகத்தில் ஓடவில்லை.

விப்பெட், கிரேஹவுண்ட், சலுக்கி, நம் சிப்பிப்பாறை எல்லாம் ஒரே வகை. மோப்பத்தை நம்பாமல், கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை. ஆங்கிலத்தில் இவற்றை ‘சைட்ஹவுண்ட்’ என்பார்கள். இவற்றின் தொழிலே நாலுகால் பாய்ச்சல்தான். அந்தத் தொழிலைப் பார்க்காமலே எப்படி மார்க் போடுகிறார்கள்?

முதலில் அப்படி இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அர்ரியன் என்ற கிரேக்க எழுத்தாளர், கெல்ட் மக்களின் வேட்டை நாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல நாயின் உடல் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் விளக்குகிறார். ஆனால் எனக்குப் பிடித்தது வேறொரு இடம். உண்மையான வேட்டைக்காரர் முயலைப் பிடிப்பதற்காக நாயை விடுவதில்லை, ஓட்டத்தைப் பார்க்கத்தான் விடுகிறார், முயல் தப்பினால் மகிழ்கிறார் என்கிறார் அவர். முயலுக்கு இதில் எவ்வளவு மகிழ்ச்சி என்று தெரியவில்லை!

இதே எண்ணம் பல நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் விதிமுறையாகவே வந்தது. 1836இல் லிவர்பூல் அருகே வாட்டர்லூ கப் என்ற போட்டி தொடங்கியது. இரண்டு கிரேஹவுண்டுகளை ஒரு முயலின் பின்னால் அவிழ்த்துவிடுவார்கள். நடுவர் குதிரையில் ஏறிக்கொண்டு பின்னாலேயே போவார். வேகத்துக்குப் புள்ளி, மற்ற நாயை முந்தினால் புள்ளி, முயலைத் திரும்ப வைத்தால் புள்ளி. கொடூரமான விளையாட்டுதான். வேட்டைத் தடைச் சட்டம் வந்ததும் 2005உடன் அது நின்றுபோனது, நின்றது நல்லதே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: அந்த நடுவர், நாய் செய்யப் பிறந்த வேலையைப் பார்த்துத்தான் மார்க் போட்டார்.

விப்பெட்டின் கதை இன்னும் எளிமையானது. டர்ஹாம், யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்த நாய் அது. பணக்காரர்களிடம் பந்தயக் குதிரை, இவர்களிடம் விப்பெட். சுமார் 200 கஜம் நேரான பாதை. ஒரு முனையில் ஒருவர் நாயைப் பிடித்து வைத்திருப்பார். மறுமுனையில் சொந்தக்காரர் ஒரு கந்தல் துணியை ஆட்டிக்கொண்டே கத்துவார். நாய் பறந்து வந்து துணியைக் கவ்வும். முதலில் வந்தது ஜெயித்தது. முதுகு வளைவைப் பற்றி அங்கே யாரும் விவாதிக்கவில்லை.

1859இல் நியூகாசிலில் நடந்த கண்காட்சி இந்தக் கதையைத் திருப்பியது. நாயின் உருவத்துக்காகவே பரிசு கொடுக்கும் வழக்கம் பரவியது. 1873இல் கென்னல் கிளப் பிறந்தது. 1891இல் விப்பெட்டும் அதன் பட்டியலில் சேர்ந்தது. அரங்கு சிறியது. அதில் பாய விட முடியாது. விட்டாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே மெல்லோட்டம். ஒரு முன்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்காலும் ஒன்றாக எழும் சீரான ஓட்டம் அது. முன்கால் தரையை ஒட்டி நீளுகிறதா, பின்கால் உடம்புக்கு அடியில் நன்றாக வருகிறதா, முன்னாலிருந்து பார்த்தால் கால்கள் நேராக வருகின்றனவா என்று பார்க்கலாம். குதிரை வண்டிக் குதிரைபோல் முழங்காலைத் தூக்கி வைத்தால் குறை.

அதுவரை பாய்ச்சலைச் சரியாகப் பார்த்தவர் யாருமே இல்லை என்பதுதான் வேடிக்கை. 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். ஓவியர்கள் அதுவரை முன்கால்கள் முன்னே, பின்கால்கள் பின்னே நீட்டிப் பறக்கும் குதிரைகளை வரைந்திருந்தார்கள். ஜெரிகோ 1821இல் வரைந்த எப்சம் பந்தய ஓவியமும் அப்படித்தான். படங்கள் வேறு கதை சொன்னன. கால்கள் வயிற்றுக்கு அடியில் மடிந்திருக்கும்போதுதான் குதிரை முழுதாக அந்தரத்தில் இருக்கிறது.

பிறகு நாய்களையும் எடுத்தார். 1887இல் வெளியான அவருடைய 781 படத்தாள்களில் அவையும் இருக்கின்றன. வேகமாகப் பாயும் கிரேஹவுண்ட், ஒரு சுற்றில் இரண்டு தடவை அந்தரத்தில் மிதக்கிறது. கால்கள் மடிந்து குவிந்தபோது ஒரு தடவை. முழுதாக நீண்டு விரிந்தபோது இன்னொரு தடவை. குதிரைக்குத் தப்பாக வரைந்த அந்த நிலை, நாய்க்குச் சரி!

உடல் அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது இங்கேதான் புரிகிறது. குவியும்போது முதுகு வில்லாக வளைகிறது, பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி வெளிப்பக்கமாக முன்னே வருகின்றன. அதற்கு இடம்விடத்தான் வயிறு அவ்வளவு ஒட்டியிருக்கிறது. விரியும்போது அந்த வில் நிமிர்கிறது. முதுகு பலகையாக இருந்தால் குவிய முடியாது. சக்கரம்போல் நிரந்தரமாக வளைந்திருந்தால் விரிய முடியாது. இடுப்புக்கு மேல் மெல்லிய வளைவு, அதுவும் அசையும் வளைவு வேண்டும்.

சிக்கலும் இதுதான்: மெல்லோட்டத்தில் முதுகு ஏறக்குறைய அசைவதே இல்லை. நாயின் முக்கியமான எந்திரம் அணைந்திருக்கும்போது நடுவர் சோதிக்கிறார். என் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அளக்கவேண்டியதை அளந்துவிட்டதாக அறிக்கை எழுதுவார்கள்.

நடுவர்களைக் கேலி செய்யவில்லை. தோள் அமைப்பும் கால்களின் நேர்மையும் மெல்லோட்டத்தில் நன்றாகவே தெரியும். நல்ல நடுவர் கையால் தசையைத் தொட்டு மீதியை ஊகிக்கிறார். ஆனால் ஊகம் தவறலாம். தோள் எலும்பு 45 டிகிரி சாய்ந்திருக்கவேண்டும் என்று நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். 1973இல் ‘டாக்ஸ்டெப்ஸ்’ நூலை வெளியிட்ட ரேச்சல் பேஜ் எலியட், பிறகு ஹார்வர்டில் ஓடும் நாய்களை எக்ஸ்ரே படமாகவே எடுத்துப் பார்த்தார். அந்த 45 கிடைக்கவில்லை. நாய்க்கு நம்மைப்போல் காறை எலும்பு கிடையாது, தோள் எலும்பைத் தசைகள்தான் பிடித்திருக்கின்றன. அது வழுக்கி நகர்கிறது.

2007இல் மரபணு ஆய்வு இன்னொரு குட்டு வைத்தது. சில விப்பெட்டுகளின் மயோஸ்டேட்டின் மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால் நாய் மல்யுத்த வீரன்போல் பருத்துப்போகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், தசை கொஞ்சம் கூடி, பந்தயத்தில் மிக வேகமானவைகளில் ஒன்றாக இருக்கும். அரங்கில் குறை, தடத்தில் வெற்றி.

இது இங்கிலாந்து விவகாரம் மட்டும் அல்ல. 2005இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. தூய வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு என்றால் எல்லாருக்கும் ஆசை. ஆனால் அந்த இனத்தில் காது கேளாமை தெரிந்த பிரச்சினை. நிறமி இல்லாத வெள்ளை நாய்களில் உட்காதும் பாதிக்கப்படலாம். சிப்பிப்பாறை, கன்னி நாய்களை இப்போது பலர் தேடி வாங்குகிறார்கள். நிறத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்துக் குட்டி எடுத்தால் அந்த முதுகு என்ன ஆகும்?

உயிருள்ள முயல் இல்லாமலும் பாய்ச்சலைப் பார்க்க வழி இருக்கிறது. மோட்டார் இழுக்கும் பிளாஸ்டிக் பையைத் துரத்தும் ‘லூர் கோர்சிங்’ போட்டிக்கு 1972 முதல் அமெரிக்காவில் தனி அமைப்பே உண்டு. வேகம், திருப்பம், தாக்குப்பிடித்தல் எல்லாவற்றுக்கும் புள்ளி. உங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்தால் போய்ப் பாருங்கள். போனில் ஸ்லோ மோஷனை அழுத்தி, பக்கவாட்டில் நின்று எடுங்கள். நாய் ஒரு சுற்றில் எத்தனை தடவை தரையை விடுகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.