செலவாகாத நூறு ரூபாய்

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களோடு கிளம்பி, யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். தூரம் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. இந்திய சிவில் விமானப் போக்குவரத்தின் நூற்றாண்டு என்று 2011-இல் அரசு நினைவு நாணயம் வெளியிட்டது: புழக்கத்துக்கு 5 ரூபாய், சேகரிப்பவர்களுக்கு 100 ரூபாய் வெள்ளி.

பெயர்தான் வெள்ளி. இவ்வகை நூறு ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். குறுக்களவு 44 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். உலோகத்தை உருக்கித் தகடாக்கி, வில்லை வில்லையாக வெட்டி, சூடேற்றிப் பதப்படுத்தி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பார்கள். மெருகேற்றிய அச்சில் ஒரு தடவைக்கு மேல் அடித்துக் கண்ணாடிபோல் மின்ன வைத்தால் அது 'புரூஃப்'.

மும்பையில் இந்த வேலை நடக்கும் இடம் கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கிக்கு எதிரே உள்ள நாணயச் சாலை. 1829-இலிருந்து அங்கேதான் இருக்கிறது. புழக்கத்தில் உள்ள காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா.

சேகரிப்பவர்களுக்கான நூறு ரூபாய் நினைவு நாணயம் வங்கிக்குப் போவதில்லை. நாணயச் சாலை முன்பதிவு அறிவிக்கும். முகமதிப்பைவிடப் பல மடங்கு பணம் கட்டிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தால், பெட்டி தபாலில் வரும்.

அது மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள தமிழ் வீட்டுக்கு வந்தால் அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் பூஜையறை, லட்சுமி காசுக்குப் பக்கத்தில். செம்பு கலந்த வெள்ளி, காற்றுப் பட்டுப் பட்டு மங்கும். "ஏன்னா, இது கறுத்துப் போயிடுத்தே!" என்று மாமி விபூதியை எடுத்தால் போச்சு. குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தில் நுண்கீறல் விழுந்து, சேகரிப்பாளர் தரும் விலை இறங்கிவிடும்.

நாணயம் நினைவுகூரும் விமான வரலாற்றில் மும்பைக்கும் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலோடு கிளம்பி, அகமதாபாத் வழியாக ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட்.

முதலீடு என்று நினைத்து இந்த நாணயத்தை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பதினேழரை கிராம் வெள்ளிதான். மீதி விலை கதைக்கு. கதைக்காக வாங்கினால், விளிம்பைப் பிடித்து எடுங்கள், உறையிலேயே வையுங்கள், விபூதியை விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.