பூட்டிய பள்ளிக்கூடமும் உமர் (ரலி) அவர்களின் தோட்டமும்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்கள் தனியார் உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றவை. வெளி மாவட்டப் பிள்ளைகளும் அங்கே வந்து தங்கிப் பயில்கின்றனர். அதே சமவெளியின் சிற்றூர்களிலோ அரசுத் தொடக்கப்பள்ளிகள் மாணவர் குறைந்து மெலிகின்றன. பிள்ளைகளற்றுப் போன கட்டடத்தை என்ன செய்வது? இவ்வினாவுக்கு நம் மார்க்க வரலாற்றில் நெடிய முன்வரலாறு உண்டு.

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு கைபர் வெற்றிக்குப் பின் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அது குறித்து அவர்கள் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்துப் பயனைத் தருமமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்பனைக்கோ அன்பளிப்புக்கோ வாரிசுரிமைக்கோ உரியதன்று என்றாயிற்று. விளைச்சல் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் சென்றது. வக்ஃபின் அடித்தளம் இதுவே.

மூலம் நிலைத்திருக்கப் பயன் நின்றுபோனால்? மக்கள் கைவிட்ட பள்ளிவாசல் கொடுத்தவருக்கே திரும்பும் என்றார் இமாம் முஹம்மது. அது என்றென்றும் பள்ளிவாசலே என்றார் இமாம் அபூயூசுஃப். இருவரும் இமாம் அபூஹனீஃபாவின் மாணவர்களே. கூஃபா நகரின் பள்ளிவாசலை இடம் மாற்றும்படி உமர் (ரலி) ஆணையிட்டதாக வரும் செய்தியைச் சான்று காட்டி, கூடுதல் நன்மை கருதிய மாற்றத்துக்கு இடமுண்டு என்றார் இப்னு தைமிய்யா. கருத்துகள் வேறுபடினும், கொடுத்தவரின் நோக்கம் என்ன என்பதையே அனைவரும் எண்ணிப் பார்த்தனர்.

அரசுப் பள்ளி வக்ஃபு அன்று. எனினும் இந்த அளவுகோல் அதற்கும் பொருந்தும். 2019 ஆகஸ்டில் தமிழக அரசு, ஒரு மாணவரும் சேராத 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்களாக்க முடிவு செய்தது. பிள்ளைகள் வந்தால் மீண்டும் பள்ளியாகும் என்பது அதன் ஏற்பாடு. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அதன்படி மக்கள் வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்தி வருகின்றனர். ஆகவே நூலகம் அவர்களுக்கு உரிய ஒன்றே. கல்வி என்னும் மூலநோக்கமும் காக்கப்படுகிறது.

ஆயினும் நூலகம் பள்ளிக்கு ஈடாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தனியார் பள்ளி வாகனத்துக்குக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுச் சிறுமிக்கு அந்தத் தொலைவே படிப்பைத் தீர்மானிக்கிறது. எனவே முதல் முயற்சி பள்ளியை மீட்பதாக இருக்கட்டும். அது கைகூடாதபோது நூலகம், மாலை வகுப்பு, அங்கன்வாடி எனக் கல்வியை ஒட்டிய பயன்களை நாடலாம். விற்பதும் இடிப்பதும் வேண்டா. நாளை பிள்ளைகள் திரும்பி வரக்கூடும்.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் பொறுப்புண்டு. கிராம சபையில் எழுந்து பேசுவோம். ஆனால் அக்கட்டடத்தை நமக்கென்று மட்டும் கேளாதிருப்போம். உமர் (ரலி) அவர்களின் தோட்டத்தில் முன்பின் அறியாத வழிப்போக்கருக்கும் பங்கிருந்தது. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் நம் மக்தபுகளின் கதவுகளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்து படிக்கத் திறந்துவிட்டால், நம் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

பயன் நின்ற இடங்களில் மீண்டும் பயனை ஊற்றெடுக்கச் செய்ய அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.