ஒத்து

'ஒத்து ஊதுகிறவன்' என்பது இன்று வசைச்சொல். யார் எது சொன்னாலும் ஆமாம் போடுகிறவன். நாகஸ்வர மேளத்தில் ஒத்து ஊதியவன் செய்ததும் வெளிப்பார்வைக்கு அதுதான்: இரவு முழுவதும் ஒரே ஷட்ஜம். ஒத்துக்குழலில் விரலோட்டத் துளைகள் கிடையாது. அடியிலுள்ள சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். மூக்கால் மூச்சை வாங்கிக்கொண்டே கன்னத்துக் காற்றை விடவேண்டும். நாதம் அறக்கூடாது.

பல மேளங்களில் இந்த வேலை சீடப்பையன்களுடையது. (ஆயுள் முழுக்க ஒத்தோடு நின்றுபோனவர்களும் உண்டு.) சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி என்று நம் பாடமுறைக்குப் படிகள் இருக்கின்றன. ராக ஆலாபனைக்கு அப்படி எதுவும் இல்லை. 'மனோதர்மம்' என்று சொல்லி, கொடுப்பினை இருந்தால் வரும் என்று விட்டுவிடுவது நம் விமர்சகர்களின் சோம்பல். பயிற்சி இருந்தது, ஏட்டில் இல்லை, வீதியில் இருந்தது.

சுவாமி புறப்பாடு நாலு வீதியும் சுற்றி வருவதற்குள் ஒரே ராகம் மணிக்கணக்கில் விரியும். பையனின் வாயில் குழல். பேச முடியாது, கூடப் பாடிப்பார்க்க முடியாது. கேட்கலாம். குருவின் ஒவ்வொரு பிடியும் அவன் மூச்சில் நிற்கும் ஷட்ஜத்தின்மேல்தான் உரசிப் போகிறது.

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவதே அதன் இருப்பு. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதர் வெளியிட்ட 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் தந்தது. பெரிய காரியம். ஆனால் ஒரு ஸ்வரத்தை எட்டாமல் எப்போது திரும்புவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது? நான் ஸ்வரப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் தோடியோடு மல்லுக்கட்டியவன். கிருதி வந்தது. ராகம் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். பிறகு தெரிந்த பிடிகளையே திருப்பிக் கொட்டுவேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியைப் பழைய இசைத்தட்டில் கேட்டேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம். அவருக்கு ராகம் தீரவில்லை, தட்டுதான் தீர்ந்தது.

ஒத்தின் இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்தது, பிறகு மின்சாரப்பெட்டி. ஷட்ஜம் இப்போது பிசகுவதில்லை. பெட்டியைத் தூக்கிவர மட்டும் இன்னும் ஒரு பையன் வேண்டியிருக்கிறது. ஒரு திருவிழா இரவில் அப்படியொருவன் கேட்கிறானா என்று பார்த்துக்கொண்டே நாலு வீதியும் கூட நடந்தேன். அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.