பிபிசி பூட்டி வைத்த படம்: ஆலன் கிளார்க்கின் கதை

இன்னைக்கு எபிசோட்ல நாம பேசப்போறது ஆலன் கிளார்க் பத்தி. ரே வின்ஸ்டன், டிம் ராத், கேரி ஓல்ட்மேன்... இந்த மூணு பேரோட ஆரம்பகாலப் படங்களைத் தேடிப் போனீங்கன்னா இவர் பேர் கண்டிப்பா வரும். ஆனா இவர் எடுத்ததுல பெரும்பகுதி டிவிக்குத்தான்.

1935-ல இங்கிலாந்துல பிறந்தவர். டொராண்டோவுல படிச்சிட்டு, 1960-கள்ல பிரிட்டிஷ் டிவிக்குள்ள வந்தார். அப்புறம் பிபிசியோட 'பிளே ஃபார் டுடே' வரிசைக்குப் படங்கள் எடுத்தார். அது சீரியல் இல்லை, ஒவ்வொண்ணும் தனிக்கதை.

அதுக்காக 1977-ல எடுத்ததுதான் 'ஸ்கம்'. எழுதினவர் ராய் மின்டன். களம், போர்ஸ்டல். அதாவது, குற்றம் செஞ்ச இளைஞர்களைத் திருத்துறதுக்கான சிறை. பிரிட்டிஷ்காரங்க சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்த அதே 'பார்ஸ்டல் பள்ளி'தான். படத்துல அங்க யாரும் திருந்தல. பசங்கள்ல பலசாலி எவனோ அவன் வெச்சதுதான் சட்டம். அதிகாரிகளுக்கும் அதுதான் வசதி. படம் தயாரான பிறகு பிபிசி ஒளிபரப்ப மறுத்துடுச்சு. ஜனங்க இதை ஆவணப்படம்னு நம்பிடுவாங்கங்கிறது அவங்க சொன்ன கவலைகள்ல ஒண்ணு.

கிளார்க் என்ன பண்ணார்? அதே கதை, அதே எழுத்தாளர், அதே ரே வின்ஸ்டன். 1979-ல சினிமாவா மறுபடி எடுத்தார். 1982 சட்டம் போர்ஸ்டலையே ஒழிச்சுது. படத்தாலதான் ஒழிஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உள்ளே என்ன நடக்குதுங்கிற கேள்வியை அது வெளியில கொண்டுவந்துச்சு.

இன்ஜினியரா எனக்குப் பிடிச்ச பகுதி அடுத்து வருது. ஸ்டெடிகேம்: ஆபரேட்டர் கேமராவை உடம்போட மாட்டிக்கிட்டு நடக்கலாம், நடையோட குலுக்கல் படத்துல தெரியாது. 'மேட் இன் பிரிட்டன்'ல ட்ரெவர்ங்கிற 16 வயசு ஸ்கின்ஹெட் பையன் போற இடமெல்லாம் கூடவே போறதுக்கு கிளார்க் அதைப் பயன்படுத்தினார். டிம் ராத்துக்கு அதுதான் முதல் படம்.

1989-ல 'எலிஃபன்ட்'. சுமார் 3,500 உயிர்களைப் பறிச்ச வட அயர்லாந்து மோதல் நடந்துக்கிட்டிருந்த நேரம். தயாரிப்பாளர், பின்னாடி 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்த டேனி பாயில். ஒருத்தர் நடப்பார், கேமரா கூடவே போகும். இன்னொருத்தரைச் சுடுவார். கேமரா அந்த உடல் மேல கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் அடுத்தது. இப்படி 18 கொலைகள். வசனம் கிட்டத்தட்ட இல்லை. பேர், மதம், காரணம் எதுவுமே இல்லை.

ஏன் அப்படி? செய்தியில ஒரு சாவு வரும்போது 'செத்தது எந்தப் பக்கத்து ஆளு?'ன்னுதான் முதல்ல கேட்போம். அதுக்கப்புறம்தான் வருத்தப்படலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம். கிளார்க் அந்த வசதியைப் பிடுங்கிட்டார். செத்தது ஒரு மனுஷன், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

1990-ல, 54 வயசுல, புற்றுநோயால இறந்துட்டார். பிபிசி பூட்டி வெச்ச 'ஸ்கம்' 1991-லதான் ஒளிபரப்பாச்சு. அதைப் பார்க்க அவர் இல்லை. அதைப் பூட்டினதும் பிபிசிதான், 'எலிஃபன்ட்'டுக்குக் காசு கொடுத்ததும் பிபிசிதான். பொதுப்பணத்துல நடக்கிற ஒரு நிறுவனத்தோட ரெண்டு முகத்தையும் ஒரே மனுஷன் பார்த்திருக்கார்.

புதுசா பார்க்கிறவங்க 'எலிஃபன்ட்'ல ஆரம்பிங்க. 40 நிமிஷம்கூட இல்லை, ஆனா லேசுல மறக்காது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.