நரிக்கு எந்தத் தோட்டா? சேதுச் சீமையில் வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு

வட அமெரிக்காவில் கொயோட்டி என்னும் காட்டு நாயைச் சுடப் போகிறவர் கடைக்காரரிடம் தூரத்தைச் சொல்வார், காற்றைச் சொல்வார், தோல் கிழியாமல் வேண்டுமா என்பதையும் சொல்வார். 1964-இல் வந்த .223, மறு ஆண்டு வந்த .22-250 ஆகிய சிறு தோட்டாக்கள் அவருக்குக் கிடைக்கும். .22-250-இல் மூன்றரை கிராம் குண்டு நொடிக்கு 1,100 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஓநாய் என்றால் 1955-இல் அறிமுகமான .243-ஐக் கைகாட்டுவார்கள். உடல் அளவில் நம் நரி பெரும்பாலும் பத்து கிலோவை ஒட்டியது. இந்திய ஓநாய் இருபது கிலோவை ஒட்டியது. ஆக, அதே கணக்கு இங்கும் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. சேதுச் சீமை எனப்படும் இராமநாதபுரம் சீமையில் தோட்டாவை முடிவுசெய்தது விலங்கின் எடையைவிட, ஆள்வோருக்கு மக்கள்மேல் இருந்த அச்சம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

துப்பாக்கிக்கு முந்தைய கருவி, வளைந்த எறிகருவியான வளரி. மறவரும் கள்ளரும் அதை மானுக்கு எறிந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் தொகுதிகளில் பதிவுசெய்கிறார். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி, 1795-இல் தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். வேட்டைக்கருவியும் போர்க்கருவியும் ஒன்றாகவே இருந்தன. ஆறே ஆண்டுகளில், மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-இல், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தார். கோட்டைகள் இடிபட்டன. 1803-இல் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரசு ஜமீனாயிற்று. ஆட்டுக்குட்டியைத் தூக்கும் நரியை விரட்டக் குடியானவன் கையில் எஞ்சியது கம்பும் நாயும்தான் என்றால் மிகையாகாது.

1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த நூற்றாண்டில் நரி வேட்டையில் உண்மையான வல்லுநர்கள் துப்பாக்கியை நம்பாத குருவிக்காரர்கள், அதாவது நரிக்குறவர்கள். ஒருவர் மறைந்திருந்து நரியைப் போலவே ஊளையிட, தேடி வரும் நரி வலையில் சிக்கும். இதே உத்திக்கு இன்று அமெரிக்கக் கடைகளில் ஊதல்கள் விற்கிறார்கள்.

துப்பாக்கிக் குழலின் அளவு விஷயத்தில்தான் அரசின் அச்சம் அப்பட்டமாகத் தெரிகிறது. பட்டாளத்து மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டா .450 வகை. கிளர்ச்சிக்காரர் கைக்கு அது போய்விடும் என்று அஞ்சி, 1907-ஐ ஒட்டி அந்த அளவையே இந்தியாவில் தனியாருக்கு மறுத்தார்கள். யானை வேட்டைக்கு .450-ஐ நம்பியிருந்த ஆங்கிலத் துப்பாக்கிக் கம்பெனிகள் .470, .465 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தன. படையின் .303-க்கும் அதே கதி. அதற்கு மாற்றாகப் பரவியது .315. இதன் மூலம் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா. அயல்நாட்டுப் படையின் தோட்டா ஆகும், சொந்தப் படையின் தோட்டா ஆகாது! பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. செய்த இந்த ரைபிளை, விடுதலைக்குப் பின் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்தது. குண்டின் எடை கிட்டத்தட்ட 16 கிராம். பத்துக் கிலோ நரிக்கு அது மிகை; தோலும் மிஞ்சாது. சேலம் பக்கத்துக் காடுகளில் வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். அது சிறுத்தைக்கும் புலிக்கும் உரியது.

அமெரிக்காவில் போக்கு நேர்மாறானது. அங்கே படைத் தோட்டாவின் உடன்பிறப்பான .223, மலிவாகக் கிடைத்ததால் வேட்டைக்காரர் கைக்கு வந்தது. இங்கே படைத் தோட்டா மண்ணுக்கடியில்தான் கிடந்தது. 2018 ஜூனில் இராமநாதபுரம் மாவட்டத் தங்கச்சிமடத்தின் அந்தோணியார்புரத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, துருவேறிய பெட்டிகளில் ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் வெளிவந்தன. 1980-களில் இலங்கைப் போராளிக் குழுக்கள் புதைத்தவை எனக் கருதப்படுகிறது. அவற்றுக்கும் வேட்டைக்கும் தொடர்பில்லை.

சாமானியனுக்குச் சட்டம் விட்டுவைத்தது வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, காவலுக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வழவழப்பான உட்குழல் துப்பாக்கியையும், பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் தனித்துக் குறிப்பிடுகிறது. தற்செயலாக இந்த இடத்தில் சட்டமும் நிலமும் ஒத்துப்போயின. இராமநாதபுரத்துக் கண்மாய்க்கரையில், பனங்காட்டில், சீமைக்கருவேலப் புதரில் நரி கண்ணில் படும் தூரம் குறைவு. நாற்பது மீட்டருக்குள் பன்னிரண்டு போர் துப்பாக்கியின் ரவைச் சிதறலே போதும். அங்கே .22-250-இன் வேகத்துக்கு வேலையில்லை. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியின் கரிமருந்துக்குத்தான் கடலோரத்தில் பகை அதிகம். ஈரக்காற்றை உறிஞ்சிக்கொண்டால் கேப்பு வெடிக்கும், மருந்து பற்றாது. கெட்டித்த துப்பாக்கியை நாள்கணக்கில் வைத்திருப்பது அங்கே வீண்.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் இந்தத் தேர்வுகளையெல்லாம் காலாவதியாக்கின. ஓநாயும் நரியும் இன்று பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. ஆபத்தான அல்லது நோயுற்ற விலங்கைக் கொல்ல அனுமதிப்பது 11-ஆம் பிரிவின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அதிகாரம்; உயிர் காக்க நல்லெண்ணத்துடன் செய்த கொலை மட்டும் விலக்கு. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வசித்து ஆயுத லைசென்ஸ் வைத்திருப்பவர் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது; தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் குருசடைத் தீவு, தங்கச்சிமடத்துக்கு அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. பவளப்பாறைக்காகவும் ஆவுளியாவுக்காகவும் வரைந்த எல்லைக்கோடு, ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கும் ஊர்க்காரரையும் வனத்துறையின் பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது.